வலைப்பக்க ஆக்கத்தில் வகைக்காப்பும் பொதுமையும்

வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாக வகுத்து மொழியை ஆராய்தல் தமிழிலக்கண நூலார் மரபு. ‘அவன் வந்தது’ என்பது திணைவழு. ‘அவன் வந்தாள்’ என்பது பால்வழு. பசுவொன்றை உவப்பினால் ‘என் அம்மை வந்தாள்’ என்பது வழுவேயாயினும் அமைத்துக் கொள்ளப்படுவது. கணினிகளுக்கெனச் செயற்கையாக ஆக்கப்பட்ட மொழிகளுக்கும் இம்மூன்று நிலைகளும் உள. அவற்றுள், வலைப்பக்கங்களை எழுதுதற்கு எழுந்த எச்.ரி.எம்.எல். என்னுங் குறிமொழியின் வரலாறு, வழுவை விலக்க முயன்றோர்க்கும் அமைத்துக்கொள்ள முயன்றோர்க்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கின் வரலாறு எனலாம்.

அம்மொழியிலமைந்த பக்கங்களுள் மிகப் பெரும்பாலானவை மனிதர் கையால் எழுதப்படுவன அல்ல. வங்கிக் கணக்கின் பக்கமும், புகையிரத நேரசூசியும், பரீட்சைப் பெறுபேறும் கேட்ட கணத்திலே ஒரு நிரலால் ஆக்கப்பட்டு அனுப்பப்படுகின்றன. ஒரு பக்கத்தை எழுதியவர் அதனைத் திரும்பப் படித்துத் திருத்தலாம். கணக்கற்ற பக்கங்களை ஆக்கவல்ல நிரலை எழுதியவர் அவை யாவற்றையும் படித்தல் இயலாது. ஆகவே, அந்நிரல் இயங்கத் தொடங்குமுன்னரே, அஃது ஆக்கப்போகும் பக்கம் எதுவும் வழுவுடையதாகாது என உறுதி கூறல் கூடுமோ என்பது வினா. இவ்வினாவுக்குப் பல நாடுகளிலே பலர் விடை கண்டனர். அவ்விடைகளையும், அவற்றுக்குக் கொடுக்க நேர்ந்த விலையையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

குறிமொழியின் தோற்றுவாய் 1969ஆம் ஆண்டில் உள்ளது. ஐ.பீ.எம். நிறுவனத்தைச் சேர்ந்த சாள்ஸ் கோல்ட்பார்ப், எட்வேட் மோஷர், றேமண்ட் லோறி என்னும் மூவர் சட்ட அலுவலக ஆவணங்களைக் கணினியிற் கையாளும் பணியில் ஈடுபட்டிருந்தபோது ஜீ.எம்.எல். என்னும் முறையை வகுத்தனர். (அம்மூவெழுத்தும் அம்மூவர் பெயரின் முதலெழுத்துக்களாகவும் அமைந்தமை தற்செயலன்று போலும்.) ஆவணத்தின் பகுதி ஒவ்வொன்றையும் அஃது இன்னதெனக் காட்டும் ஒட்டுக்களுக்கிடையே வைத்து ஒரு மூலகமாக்குதல் அம்முறையின் சாரம். 1986இல் அதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். அனைத்துலக நியமமாயிற்று. அந்நியமத்தின் அருமை, ‘ஆவண வகை வரையறை’ என்னும் இலக்கணத்தை ஒவ்வோர் ஆவணக் குடும்பத்துக்கும் எழுத வழிசெய்ததில் உள்ளது. எம்மூலகத்தினுள் எம்மூலகம் வரலாம், எது முன்வரல் வேண்டும், எது வந்தே தீரல் வேண்டும் என்பனவெல்லாம் அதில் விதிக்கப்படும்.

ஜெனீவா நகரையடுத்த சேர்ண் ஆய்வுநிலையத்தில் ரிம் பேணர்ஸ்-லீ தம் திட்டத்தை எழுதிக் கொடுத்தது 1989 மார்ச்சில். அவருடைய குறிமொழி எஸ்.ஜி.எம்.எல். தோற்றமுடையதாயிருந்ததேயன்றி, முறையான இலக்கணத்தோடு பிறக்கவில்லை. 1995 நவம்பரில் வெளியான இரண்டாம் பதிப்பின் வரையறையே அதற்கு நியமமான இலக்கணத்தை வகுத்தது. அதற்குள் வலை உலகெங்கும் பரவிவிட்டது. மொழி முந்தி இலக்கணம் பிந்துதல் இயற்கை மொழிகளுக்கு இயல்பே. ஆயின் ஈண்டு அதனால் ஒரு பழக்கம் வேரூன்றிற்று. மூடவேண்டிய ஒட்டை மூடாது விட்டாலும், பந்தியினுட் பந்தியை வைத்தாலும், உலாவிகள் தம்மால் இயன்றவாறு ஊகித்துப் பக்கத்தைக் காட்டின. காட்டாத உலாவியை எவரும் விரும்பியிரார். வழுவமைதி சலுகையாகத் தொடங்கி உரிமையாயிற்று.

நிரலாற் பக்கம் ஆக்கும் வழக்கம் 1993இல் இலினோய் மாநில மீகணினி நிலையத்தார் சி.ஜி.ஐ. என்னும் ஏற்பாட்டை வகுத்தபோது பரவத் தொடங்கியது. 1995இல் றஸ்மஸ் லேர்டோவ் தம் சொந்தப் பக்கத்துக்கென ஆக்கிய கருவிகளை வெளியிட்டார், பி.எச்.பி. மொழி அவற்றிலிருந்து வளர்ந்தது. ஏறக்குறைய அக்காலத்திலேயே லிங்கன் ஸ்ரைன் என்னும் உயிரியலறிஞர் பேர்ள் மொழியில் ஒரு நூலகம் அமைத்து, ஒட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்பு எனத் தந்தார். தலைப்புச் சார்புக்குச் சொல்லைக் கொடுத்தால் தலைப்பு ஒட்டுக்களோடு அச்சொல் திரும்பும். ஒட்டு மூடப்படாது போகும் பிழை இதனால் நீங்கியது. ஆயினும் அச்சார்புகள் வாங்கியதும் எழுத்துச்சரம், தந்ததும் எழுத்துச்சரம். பட்டியலுறுப்பு, பந்தி, வாசகர் தட்டச்சிட்ட பெயர், உலாவியில் இயங்கவேண்டிய கட்டளை ஆகிய யாவும் ஒரே இனமாய் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டன. திணையும் பாலும் பகுக்கப்படாத மொழியிலே திணைவழுவைச் சுட்டிக்காட்ட வழியில்லை.

இதனால் விளையக்கூடிய கேடு அலங்காரக் குறைவு மட்டுமே என்று தொடக்கத்திற் பலர் கருதினர். 2000 பெப்ரவரியில் அமெரிக்காவின் சேர்ட் நிலையம் வெளியிட்ட எச்சரிக்கை அக்கருத்தைத் தகர்த்தது. வாசகர் ஒருவர் தம் பெயரை எழுதவேண்டிய இடத்திலே கட்டளை ஒட்டொன்றை எழுதுவாராயின், நிரல் அதனையும் சரமெனக் கொண்டு பக்கத்திற் சேர்க்கும். அப்பக்கத்தைப் பார்க்கும் வேறொருவரின் உலாவி அதனைக் கட்டளையெனக் கொண்டு இயக்கும். 2005 ஒக்ரோபர் 4ஆம் நாள் மைஸ்பேஸ் என்னும் தளத்தில் 19 வயது இளைஞர் ஒருவர் தம் அறிமுகப் பக்கத்தில் இவ்வாறான நிரலொன்றை வைத்தார். அப்பக்கத்தைப் பார்த்தவர் பக்கத்திலும் அது தன்னை எழுதிக்கொண்டது. இருபது மணித்தியாலத்துள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பக்கங்களிற் பரவியது. தளத்தை நிறுத்த நேர்ந்தது. ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. மைஸ்பேஸ் தளத்தார் அபாயமான சொல்லைத் தேடி நீக்கும் வடிகட்டியொன்றை வைத்தேயிருந்தனர். அவ்விளைஞர் ‘ஜாவாஸ்கிரிப்ற்’ என்னுஞ் சொல்லை இரு வரிகளாக முறித்து எழுதினார். வடிகட்டிக்கு அச்சொல் தெரியவில்லை. உலாவியோ முறிந்த சொல்லைத் தானே கூட்டிப் படித்துக்கொண்டது. வழுவமைதியின் தாராளம் கள்வனுக்குத் திறவுகோலாயிற்று.

இப்பிணிக்கான மருந்து வலை தோன்றுவதற்கு முன்னரே வேறொரு நோக்கத்துக்காகக் கண்டறியப்பட்டிருந்தது. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் றொபின் மில்னரும் அவருடன் பணியாற்றியோரும் 1970களிலே கணிதத் தேற்றங்களை நிறுவ உதவும் எல்.சி.எவ். என்னும் முறைமையொன்றை ஆக்கினர். அதனை இயக்குதற்கு எம்.எல். என்னும் நிரல்மொழி எழுந்தது. கணினி ஒன்றைத் தேற்றமெனக் கூறினால் அஃது உண்மையில் நிறுவப்பட்டதே என எவ்வாறு நம்புவது? மில்னர் குழுவினர் கண்ட உபாயம் எளிமையும் ஆழமும் வாய்ந்தது. ‘தேற்றம்’ என்பதை ஒரு தனிவகையாக்கினர். அவ்வகைப் பெறுமானத்தைப் படைக்கும் உரிமையை எடுகோள்களுக்கும் அனுமான விதிகளுக்கும் மட்டுமே வழங்கினர். வேறெவ்வழியாலும் எவரும் ஒரு தேற்றத்தைப் படைத்தல் இயலாது. நிரலைப் பரிசோதிக்கும் தொகுப்பி வகைகளைச் சரிபார்த்து முடித்தவுடன், அந்நிரல் தரும் தேற்றம் ஒவ்வொன்றும் முறைப்படி நிறுவப்பட்டதென்பது உறுதியாகும். ‘தேற்றம்’ என்னுமிடத்தில் ‘வழுவற்ற பக்கம்’ என்றும், ‘அனுமான விதி’ என்னுமிடத்தில் ‘மூலகத்தை ஆக்கும் சார்பு’ என்றும் பெய்துகொண்டால், பின்னர் வலைப்பக்கங்களுக்காக எழுந்த நூலகங்களின் அடிப்படைக் கருத்து அப்படியே கிடைக்கும்.

1978இல் மில்னர் வெளியிட்ட கட்டுரை இன்னொன்றையும் நிலைநாட்டியது. பட்டியலின் நீளத்தைக் காணுஞ் சார்புக்கு அது எண்களின் பட்டியலா, பெயர்களின் பட்டியலா என்பது வேண்டப்படாத செய்தி. அத்தகைய சார்புக்கு வகை மாறியைக் கொண்ட பொது வகையொன்றைத் தொகுப்பியே கண்டுபிடிக்கும். இதுவே பொதுமை. ஒருமுறை எழுதிப் பல வகைக்கும் பயன்படுத்தலாம், காப்பும் குறையாது. 1989இல் பிலிப் வாட்லர், ஸ்ரீபன் புளொட் என்போர் வகை வகுப்புக்கள் என்னும் ஏற்பாட்டைச் சேர்த்தனர். ‘இன்ன செயலைச் செய்யவல்ல வகை எதுவாயினும்’ எனக் கட்டுப்பாட்டோடு பொதுமை கூறுதல் அதனாற் கைகூடியது. 1990இல் வரையறுக்கப்பட்ட ஹாஸ்கெல் மொழி அதனை ஏற்றுக்கொண்டது.

இவ்விரு நற்பேறுகளும், அஃதாவது காப்பும் பொதுமையும், வலைப்பக்கத்துக்கு வந்தபோது ஒன்றோடொன்று முரணின. அம்முரணைத் தெளிவாக எடுத்துக்காட்டியது இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்து மல்கம் வாலஸ், கொலின் றன்சிமன் என்போர் 1999இல் வெளியிட்ட ஆய்வு. தலைப்பையே வினாவாக அமைத்து, பொதுவான இணைப்பிகள் சிறந்தனவா, வகைவழி மொழிபெயர்ப்புச் சிறந்ததா என்று அவர்கள் கேட்டனர். முதலாவது வழியில் மூலகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வகை. ஒரு துண்டை வாங்கித் துண்டுகளின் பட்டியலைத் தரும் சிறு வடிகட்டிகளைக் கோத்துப் பெரிய மாற்றங்களைச் செய்யலாம். எந்த ஆவணத்துக்கும் அவை பொருந்தும். ஆயின் பந்தியினுட் பந்தியை வைப்பதைத் தடுப்பாரில்லை. இரண்டாவது வழியில் ஆவண இலக்கணத்தின் விதி ஒவ்வொன்றும் ஒரு தனிவகையாக மொழிபெயர்க்கப்படும். இலக்கணத்துக்கு ஒவ்வாத ஆவணத்தைக் கட்டவே முடியாது. ஆயின் ‘எங்கிருப்பினும் இணைப்புக்களையெல்லாம் தேடு’ என்பது போன்ற பொதுச் செயலொன்றை ஒவ்வோர் இலக்கணத்துக்கும் புதிதாக எழுதல் வேண்டும். இருவழியையும் ஒரே மொழியிற் செய்து காட்டி, இரண்டின் குறையையும் மறையாது கூறிய நேர்மையால் அவ்வாய்வு இன்றும் படிக்கத்தக்கது.

இரண்டுக்கும் நடுவழி கண்டவர் யேர்மனியின் பிரைபூர்க் பல்கலைக்கழகத்துப் பீற்றர் தீமன். 2002இல் வெளியான அவருடைய கட்டுரை, வகை வகுப்பை இரு வகைகளுக்கிடையிலான உறவாகப் பயன்படுத்தியது. ‘இன்ன தாய் மூலகத்தினுள் இன்ன சேய் மூலகம் சேரலாம்’ என்பது ஓர் உறவு. பட்டியலும் பட்டியலுறுப்பும் அவ்வுறவில் உள. பந்தியும் பந்தியும் இல. சேர்க்கும் சார்பு ஒன்றே; அதன் வகை மாறியால் அமைந்த பொதுமையுடையது; உறவில் இல்லாத இணையை அதற்குக் கொடுத்தால் தொகுப்பி மறுத்துவிடும். எச்.ரி.எம்.எல். எழுதுவது போன்ற தோற்றத்தோடே ஹாஸ்கெல் நிரலை எழுதவும் அவர் வழிசெய்தார்.

ஆயினும் பொதுவாக எக்ஸ்.எம்.எல். ஆவணங்களுக்குத் தரக்கூடிய உறுதியை எச்.ரி.எம்.எல்.லுக்குத் தம் முறையாற் முழுமையாகத் தர இயலாதென்பதை அவரே ஒப்புக்கொண்டார். உறவு தாயையும் சேயையும் மட்டுமே நோக்கும். ஆனால் இணைப்பினுள் இணைப்பு வரலாகாது என்னும் விதியோ எவ்வளவு ஆழத்திலும் வரலாகாது என்பது. இணைப்பினுள் அழுத்தச்சொல், அதனுள் இன்னோர் இணைப்பு என்றாலும் வழுவே. எஸ்.ஜி.எம்.எல். இலக்கணத்தில் இதனைக் கூற ‘விலக்கு’ என ஒரு கருவி இருந்தது. 1998இல் வந்த எக்ஸ்.எம்.எல். எளிமை கருதி அக்கருவியைக் கைவிட்டது. எனவே 2000 ஜனவரியில் எச்.ரி.எம்.எல்.லை எக்ஸ்.எம்.எல். உருவில் மீண்டும் வரைந்தோர், இணைப்பினுள் இணைப்பு, படிவத்தினுட் படிவம் முதலிய தடைகளைப் பின்னிணைப்பொன்றில் உரைநடையில் எழுதிவைத்தனர். கணினியாற் சரிபார்க்க இயலாத விதியைக் கணினிமொழியின் இலக்கணத்தில் உரைநடையாக வைக்க நேர்ந்தமை அம்முயற்சியின் பலவீனத்தைக் காட்டும்.

அதே காலத்தில் வேறு வழிகளிற் சென்றோரும் உளர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஹறுவோ ஹொசோயா, பென்ஜமின் பியேர்ஸ் என்போர் ஆவண இலக்கணத்தையே வகையாகக் கொண்ட எக்ஸ்டியூஸ் என்னும் புதுமொழியை ஆக்கினர். பிரான்சில் அதன் வழியில் சீடியூஸ் எழுந்தது. டென்மார்க்கின் ஓகூஸ் பல்கலைக்கழகத்தார், துளைகள் கொண்ட பக்க அச்சுக்களை நிரல் எவ்வாறெல்லாம் நிரப்பக்கூடும் என்பதை நிரல் இயங்குமுன் ஆராய்ந்து கூறும் முறையைக் கண்டனர். கோட்பாட்டளவில் இவை நுண்மையானவை. ஆயின் ஒரு நிரலாளர் தாம் பழகிய மொழியையும் கருவிகளையும் விட்டு, பக்கம் ஆக்குதற்காக மட்டும் புதுமொழியொன்றைப் பயில்வார் என எதிர்பார்த்தல் அரிது.

பழைய மொழியினுள்ளேயே மிக நுணுக்கமான காப்பை அமைத்த பெருமை எம்.எல். மரபில் வந்த ஓகேமல் மொழியாளரைச் சாரும். 2004இல் அதற்கு அடிகோலியவர் கணினியறிஞரல்லர். வூர்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தின் துகட்பௌதிகவியலாளர் தோர்ஸ்ரன் ஓல். அவர் அமைத்த நூலகத்தில் மூலகம் ஒவ்வொன்றின் வகையும் ஒரு வகை மாறியைச் சுமந்துநின்றது. அம்மாறி இயங்குநேரத்தில் எதனையும் குறிப்பதன்று. தொகுப்பியின் கண்ணுக்கு மட்டும் ‘இது பந்தி’, ‘இது பட்டியலுறுப்பு’ எனக் காட்டும் நிழல் வகை. பாரிஸ் நகரிலே வின்சன் பலாவும் அவரோடு சேர்ந்தோரும் நடத்திய ஒக்சிஜென் திட்டம் அதனை ஏற்று வளர்த்தது, ரைஎக்ஸ்.எம்.எல். என்னும் நூலகம் அதன் பயன்.

அந்நூலகத்தின் இரு சிறப்புக்களை விரித்துக் கூறல் தகும். முதலாவது, இணைப்பு மூலகம் தன்னுட் கொண்ட உள்ளடக்கத்தின் வகையைத் தன் வகையிலேயே சுமக்கிறது. ஐந்தாம் பதிப்பின் விதிப்படி இணைப்பு ‘ஊடுருவு மூலகம்’. தாய் எதனை ஏற்குமோ அதனையே இணைப்பும் ஏற்கும். பந்தியினுள் வைக்கப்பட்ட இணைப்புச் சொற்களை மட்டுமே கொள்ளலாம். பிரிவினுள் வைக்கப்பட்ட இணைப்புப் பந்தியையும் கொள்ளலாம். உள்ளடக்க வகை வெளியே தெரிவதனால் தாய் அதனைச் சோதித்து ஏற்கவோ மறுக்கவோ முடிகிறது. தீமனின் உறவு எட்டாத இடத்தை வகை மாறி எட்டியது. இரண்டாவது, இலக்கணம் முழுவதும் ஒரே இடைமுகமாக எழுதப்பட்டு, அடியிலுள்ள ஆவணப் பிரதிநிதித்துவம் அதற்கு உள்ளீடாகக் கொடுக்கப்படுகிறது. சேவகக் கணினியில் எழுத்தாக அச்சிடுதற்கும், உலாவியினுள் நேரே மரமாகக் கட்டுதற்கும், தரவு மாறுந்தோறும் தானே மாறும் பக்கத்துக்கும் அதே இடைமுகம் பொருந்துகிறது. ஒரே இலக்கணத்துக்குப் பல எழுத்துருவங்கள் என்பது போன்ற ஏற்பாடு. யோர்க் அறிஞர் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு ஒருவாறு சமாதானம் கிடைத்தது.

விலை யாது? நிரலாளர் சிறு தவறொன்று செய்யின், அனுமதிக்கப்பட்ட மூலகங்கள் அனைத்தின் பெயரையும் கோத்த நெடிய பிழைச்செய்தியைத் தொகுப்பி நீட்டுகிறது. மொழியின் இலக்கணம் மாறுந்தோறும் நூலகத்தின் வகைகளையும் மாற்றல் வேண்டும். இலக்கணமோ நில்லாது மாறியது. ஒரு வழுவுக்காகப் பக்கம் முழுவதையும் மறுக்கும் எக்ஸ்.எம்.எல். கண்டிப்பை உலகம் ஏற்கவில்லை. அதன் அடுத்த பதிப்புக்கான பணி 2009இல் கைவிடப்பட்டது. 2004இல் அப்பிள், மொசில்லா, ஒப்பெரா ஆகியவற்றின் சார்பினர் கூடித் தொடங்கிய குழு வேறு வழி சென்றது. எவ்வளவு பிழையான எழுத்துத் தொடருக்கும் உலாவி எந்த மரத்தைக் கட்டல் வேண்டும் என்பதை அது விதியாகவே எழுதியது. 2014 ஒக்ரோபரில் அவ்வைந்தாம் பதிப்பு நியமமாயிற்று. வழுவமைதிக்கே ஓர் இலக்கணம் எழுதப்பட்டமை மொழி வரலாற்றில் விந்தையானது.

இதனால் வகைக்காப்பின் தேவை குறைந்தது எனக் கருதுவது தவறு. பந்தியினுட் பந்தி எழுத்தாக வந்தால், உலாவி முதற் பந்தியை மூடிவிட்டு இரண்டாவதைத் தொடங்கும். நிரல் உலாவியினுள் மரமாகக் கட்டினாலோ பந்தியினுட் பந்தி அப்படியே நிற்கும். ஒரே நிரல் சேவகக் கணினியில் ஒரு மரத்தையும் உலாவியில் வேறொரு மரத்தையும் தரும். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் முறைமைகள் இதனால் தடுமாறுகின்றன. 2013இல் பேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட றியாக்ற் நூலகம் இவ்வகை வழுவை நிரல் இயங்கும்போது கண்டு எச்சரிக்கிறது. 2015இல் அதன் எழுத்துமுறையை ஏற்ற ரைப்ஸ்கிரிப்ற் மொழி, மூலகத்தின் பண்புகளைச் சரிபார்க்கிறது. ஆயின் அவ்வெழுத்துமுறையில் எழுதிய மூலகம் எதுவாயினும் ஒரே வகையாகவே வெளிவருவதால், எதனுள் எது என்பதைத் தொகுப்பியால் அறிய முடிவதில்லை. கொட்லின் மொழியாரின் அநுபவமும் இத்தகையது. மூலகத்தின் பெயரையடுத்த அடைப்பினுள் அதன் சேய்களை எழுதும் அழகிய முறையை அவர்கள் வகுத்தனர். ஆனால் உள்ளடைப்பில் நிற்கும்போதும் வெளியடைப்பின் சார்புகள் அழைக்கத்தக்கனவாயிருந்தமையால் தலைப்பகுதியினுட் தலைப்பகுதி எழுதினாலும் தொகுப்பி வாளாவிருந்தது. 2017இல் வந்த 1.1ஆம் பதிப்பிலே தனிக் குறியொன்றைப் புகுத்தியே அதனைத் தடுத்தனர்.

நடைமுறையில் மிகப் பரவியது முழுமையான காப்பன்று, சிறிய காப்பு. 2010இல் ஜஸ்பர் வான் டெர் யொய்க்ற் எழுதிய பிளேஸ் என்னும் ஹாஸ்கெல் நூலகம், மூலகங்களின் உறவைச் சோதிக்கும் முயற்சியையே விட்டுவிட்டு வேகத்தை நாடியது. எனினும் எழுத்துச்சரத்தையும் குறிமொழியையும் இரு வேறு வகையாகவே வைத்தது. சரம் குறிமொழியாதற்கு ஒரே வாயில், அபாயமான எழுத்துக்களை மாற்றியமைக்கும் சார்பு. மாற்றாது புகுத்துவதற்கு வேறு சார்புண்டு; அதன் பெயரே அதனைக் காட்டிக்கொடுக்கும். றியாக்ற் நூலகத்தார் அத்தகைய பின்வாயிலுக்கு ‘அபாயகரமாக’ எனத் தொடங்கும் நெடிய பெயரைச் சூட்டினர், ரைஎக்ஸ்.எம்.எல்.லிலும் ‘காப்பற்றவை’ எனப் பெயரிய தனித்தொகுதி உண்டு. பந்தியினுட் பந்தி வந்தாற் பக்கம் சிறிது கோணும். வாசகர் பெயரினுட் கட்டளை வந்தாற் பத்து இலட்சம்பேர் கணக்குப் பறிபோகும். முன்னதை விட்டுப் பின்னதைக் காத்தவர்களின் தெரிவு கோட்பாட்டாளருக்கு மனநிறைவு தராதாயினும் நியாயமானதே.

கூகிள் நிறுவனத்தார் இதே கருத்தைப் பெருமளவிற் கையாண்டனர். ‘காப்புடைய குறிமொழி’ என ஒரு வகையை அமைத்து, அதனைப் படைக்கும் உரிமையை ஆராய்ந்து ஒப்புதலளிக்கப்பட்ட சில இடங்களுக்கு மட்டும் வழங்கியதைக் கிறிஸ்தோவ் கேர்ண் 2014இல் விளக்கியெழுதினார். எல்.சி.எவ். முறைமையின் ‘தேற்றம்’ ஈண்டு வேறு பெயரோடு மீண்டது. 2020இல் குறோம் உலாவியின் 83ஆம் பதிப்பு அவ்வகையை உலாவியினுள்ளேயே ஏற்றது. பக்கமொன்று தலையுரையில் அவ்வாறு கேட்டுக்கொள்ளுமாயின், குறிமொழியை ஏற்கும் இடங்களில் வெறுஞ்சரத்தை உலாவி மறுத்துவிடும். நம்பத்தக்கதென வகையால் முத்திரையிடப்பட்ட பெறுமானத்தை மட்டுமே ஏற்கும். எதனைக் கொடுத்தாலும் ஊகித்துப் படித்துக்கொண்ட உலாவியே, கேட்டவரிடத்து மட்டுமாயினும், அவ்வாறு மறுக்கத் தொடங்கியது மில்னரின் கட்டுரை வெளிவந்து 42 ஆண்டுகள் கழிந்த பின்னராம்.